இரண்டாவது கிளிக்

ஜெஃப்ரி தன் ஐம்பதாவது வயதில் பீரங்கி வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். கணினியில்தான். பகலில் பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டு வேலை. சாயங்காலம் வீடு திரும்பியதும் பழைய பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்களோடு இணையத்தில் பீரங்கிச் சண்டை. சுற்றுவட்டாரத்துப் புருஷன்மார்கள் காப்பிக் கடையிலும் நான்கு நம்பர் லாட்டரிக் கடையிலும் பொழுதைக் கழிக்கும்போது, இவர் டத்தோ கிராமாட் வீட்டு முன்னறையில் கண்ணெதிரே உட்கார்ந்து யாரையோ சுட்டுக்கொண்டிருக்கிறாரே, அது போதும் என்று அவருடைய மனைவி அக்னஸ் விட்டுவிட்டாள்.

மூன்று மாதமாகத்தான் அவள் அந்த விளையாட்டைக் கூர்ந்து பார்த்துவந்தாள். ஒரு குண்டு போட வேண்டிய இடத்தில் இரண்டு குண்டு போனது. ஜெஃப்ரி ஒரு தடவைதான் அமுக்குவார், மவுஸ் இரண்டு தடவை என்று எடுத்துக்கொள்ளும். சிநேகிதர்கள் கேலி செய்தார்கள். ஜெஃப்ரி பல்லைக் கடித்துக்கொண்டு மவுஸைத் திட்டினார். அந்த மவுஸைத் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று வாங்கினார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, அதையும் திட்ட ஆரம்பித்தார்.

மவுஸ் மட்டும் என்றால் அக்னஸ் கவலைப்பட்டிருக்க மாட்டாள். அவள் வேறு சிலதையும் பார்த்தாள். பாடாங் கோத்தா கடற்கரையில் நடக்கும்போது அவருடைய இடது கை முன்னும் பின்னும் வீசியது. வலது கை தன் பாட்டுக்குச் சும்மா தொங்கியது. மாதா கோயில் காணிக்கை உறையில் அவர் எழுதும் பெயர் சிறுத்துக்கொண்டே வந்தது. சட்டைப் பொத்தானோடு மல்லுக்கட்டிக்கொண்டு, பூசைக்கு நேரமாகிவிட்டது என்று அவளைத் திட்டினார்.

இதையெல்லாம் அவள் ஏற்கெனவே ஒரு மனிதரிடம் பார்த்திருந்தாள். பட்டர்வொர்த்தில் இருக்கும் ஜெஃப்ரியின் அண்ணன் பாக்கியசாமி. அவருக்கும் வலது கையில்தான் ஆரம்பித்தது. வெகுநாள் கழித்து டாக்டர் பார்க்கின்சன் என்று பெயர் சொன்னார். இப்போது அவருடைய மனைவிதான் கஞ்சி ஊட்டுகிறாள். மாதம் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, ஃபெரியில் எல்லோரும் கடலைப் பார்ப்பார்கள், அக்னஸ் தன் புருஷனின் கையைப் பார்த்துக்கொண்டு வருவாள்.

ஒரு நாள் அடக்க முடியாமல் கேட்டே விட்டாள். "என்னங்க, ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்துடலாமே."

"எதைக் காட்டுறது?"

"கையைத்தான்."

"கை நல்லாத்தான் இருக்கு. மவுஸ்தான் சீப் சாமான். நீ சும்மா அண்ணனையே நெனச்சுக்கிட்டு எல்லாத்தையும் பாக்காத லா."

அவள் விடவில்லை. அவரும் விடவில்லை. ராத்திரிச் சோறு ஆறிப்போனபிறகு ஒரு வழியாக ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். கேமிங் மவுஸ் ஒன்று வாங்குவது, அதுவும் புத்தம்புதுசாக. அதிலும் இரண்டிரண்டாக விழுந்தால் மறுபேச்சில்லாமல் டாக்டரிடம் வருவார். விழவில்லை என்றால் அக்னஸ் இந்தப் பேச்சை இனி எடுக்கவே கூடாது. அக்னஸ் சரி என்றாள். சொன்ன பிறகுதான், கடையில் விற்கிற ஒரு சாமானை நம்பி இதில் இறங்கிவிட்டோமே என்று அவளுக்குத் திக்கென்றது.

சனிக்கிழமை கொம்தார் வணிக வளாகத்துக்குப் போனார்கள். மூன்றாவது மாடியில் ஹாஃபிஸ் என்பவனின் கணினிக் கடை. பினாங்குத் தமிழ் முஸ்லிம் பையன், வாய் ஓயாமல் பேசுவான். விலை நூறு வெள்ளிக்குள் இருக்க வேண்டும் என்றதும், கண்ணாடிப் பெட்டிக்குள் கலர் கலராக மின்னியவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டான்.

"லைட்டுக்கே பாதிக் காசு போயிடும் அண்ணே. வயர்லெஸ்ஸும் வேணாம். அதே விலைக்கு வயர் உள்ளது எடுத்தா உள்ள இருக்கிற சாமான் நல்லதா இருக்கும். பெட்டியில பதினாறாயிரம் டிபிஐன்னு போட்டிருப்பான், நம்பாதீங்க. திரையில அம்பு எவ்வளவு வேகமா ஓடும்கிறதுதான் அது. ஆயிரம் வெச்சாலே போதும். முக்கியமா கைக்குப் பொருந்தணும். எங்க, கையக் காட்டுங்க."

ஜெஃப்ரி இடது கையை நீட்டினார்.

"சுடுற கையக் காட்டுங்க அண்ணே."

வலது கை பாக்கெட்டிலிருந்து வெளியே வர நேரமெடுத்தது. ஹாஃபிஸ் அதைப் பிடித்து மேசைமேல் வைத்து, ஒரு மவுஸை அதன் கீழே தள்ளி, விரல் நுனி எங்கே வருகிறது என்று குனிந்து பார்த்தான். அக்னஸ் சுவரில் தொங்கிய ஹெட்போன்களை எண்ணுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவன் ஏதாவது சொல்லிவிடுவானோ என்று பயந்தாள். அவன் அந்த மவுஸை எடுத்துவிட்டு இன்னொன்றை வைத்துப் பார்த்தான்.

"பட்டன் சீக்கிரம் கெட்டுப்போகாம இருக்குமா தம்பி?" என்று கேட்டாள். "ஒரு தடவை அமுக்கினா ரெண்டு விழுது."

"அது பழைய மவுஸுக்கு வர்ற வியாதி அக்கா. பட்டனுக்குள்ள இருக்கிற தகடு தேஞ்சுபோயிடும். இதுல வராது. வந்தா பெட்டியோட கொண்டாங்க, மாத்தித் தர்றேன்."

வியாதி என்று அவன் விளையாட்டாகச் சொன்ன வார்த்தை வீடு வந்து சேரும்வரை அவள் காதிலேயே இருந்தது.

பெட்டியை அவள்தான் பிரித்தாள். ஒட்டியிருந்த சீல் பட்டையைக் கத்தியால் கீறி, மவுஸை எடுத்து, மெழுகுத்தாளை உரித்து மேசைமேல் வைத்தாள். கறுப்பாக, சின்னதாக, சாதுவாக இருந்தது. ஜெஃப்ரி வயரைச் செருகினார். அதற்கான மென்பொருளை இறக்கினார். அம்பின் வேகத்தைக் குறைத்து வைத்தார். மவுஸை வேகமாக நகர்த்தினால் அம்பு தானாகத் தாவுகிற வசதியையும் அணைத்தார். கட்டைவிரல் பக்கம் இருந்த பொத்தானுக்கு என்ன வேலை கொடுப்பது என்று கொஞ்ச நேரம் யோசித்தார். அவருடைய முகத்தில் பழைய உற்சாகம் தெரிந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்கு அழுகை வந்தது.

"நீ போய்ப் பாத்திரத்தக் கழுவிட்டு வா. நான் அதுக்குள்ள எல்லாத்தையும் செட் பண்ணி வைக்கிறேன். அப்புறம் உன் முன்னாடியே டெஸ்ட்."

அவள் ஒரே தட்டை மூன்று தடவை தேய்த்துக்கொண்டிருந்தாள். தண்ணீரை மூடினால் முன்னறைக்குப் போக வேண்டும். போனால் தெரிந்துவிடும். கடைசியில் குழாயை மூடி, கையைத் துடைத்து, மாதாவை வேண்டிக்கொண்டு போனாள்.

இணையத்தில் அதற்கென்று ஒரு பக்கம் இருந்தது. நடுவில் ஒரு கட்டம். ஒழுங்காக ஒரு தடவை விழுந்தால் பச்சை. இரண்டாக விழுந்தால் சிவப்பு. ஜெஃப்ரி அமுக்கினார். பச்சை. மறுபடி. பச்சை. அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் அமுக்கிக்கொண்டே போனார். ஒரு தடவைகூடச் சிவக்கவில்லை.

"பாத்தியா? நான் என்ன சொன்னேன்?" என்றார்.

அக்னஸ் அவர் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். கை வீசாததும் எழுத்து சிறுத்ததும் அப்போது அவள் நினைவுக்கே வரவில்லை. வேண்டாததை மறப்பதற்கு மனசுக்குச் சொல்லிக் கொடுக்கவா வேண்டும். அன்றைக்கு அவள் படுத்ததும் தூங்கிப் போனாள்.

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து அவளை வீட்டில் இறக்கிவிட்டு, கடையில் ரொட்டி சானாய் தப்பாவ் பண்ணி, பொட்டலமாக வாங்கிக்கொண்டு வருகிறேன் என்று ஜெஃப்ரி போனார். பாக்கியசாமியின் மனைவி, பட்டர்வொர்த்து அக்காவுக்குப் போன மாதம் எடுத்த படங்களை அனுப்பலாம் என்று அக்னஸ் கணினி முன்னால் உட்கார்ந்தாள். படங்கள் இருந்த ஃபோல்டரை இரண்டு தடவை தட்டினாள். திறக்கவில்லை. மறுபடியும் தட்டினாள். நீலமாகிக் காட்டியது, திறக்கவில்லை. புது மவுஸ் ஒரே நாளில் போய்விட்டதா என்று ஹாஃபிஸுக்குப் போன் போட்டாள்.

"ஒரு தடவை தட்டினா எடுக்குது, ரெண்டு தட்டினா எடுக்கல, அப்படித்தானே அக்கா? சாஃப்ட்வேரைத் திறங்க. பட்டனுக்குக் கீழ ஒரு கோடு இருக்கும், கோட்டுமேல ஒரு புள்ளி இருக்கும். புள்ளி எந்தப் பக்கம் நிக்குது?"

"வலது பக்கம். கடைசில."

"அதான் விஷயம். அங்க வெச்சா, ஒரு கிளிக்குக்கு அப்புறம் உடனே வர்ற ரெண்டாவது கிளிக்கை மவுஸ் கண்டுக்காது, விட்டுடும். இடது பக்கம் இழுத்து விடுங்க, சரியாயிடும்."

"கம்பெனியிலேர்ந்தே இப்படித்தான் வருமா தம்பி?"

"இல்லக்கா. இடது பக்கம்தான் வரும். நானும் பெட்டியத் திறக்கல, சீல் நீங்கதான ஒடச்சிருப்பீங்க. யாரோ கையால தள்ளியிருக்காங்க."

அவள் போனை வைத்தாள். அந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர். அவள் தள்ளவில்லை.

முதலில் கோபம்தான் வந்தது. ஏமாற்றிவிட்டாரே, என் முன்னாலேயே உட்கார்ந்து பச்சை பச்சையாகக் காட்டினாரே என்று உடம்பெல்லாம் எரிந்தது. அந்தக் கோபம் அடங்குவதற்குள் பயம் வந்துவிட்டது. இத்தனை நாள் அவள் ஒருத்திதான் பயந்துகொண்டிருந்தாள் என்று நினைத்திருந்தாள். மவுஸ்தான், மவுஸ்தான் என்று அவர் கத்தும்போதெல்லாம், ஒருவேளை மவுஸ்தானோ என்று அவளுக்கும் ஒரு சின்ன ஆறுதல் இருந்தது. இப்போது அதுவும் போய்விட்டது. அவருக்குத் தெரிந்திருக்கிறது.

வெளியே கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. மென்பொருளை மூடிவிட்டு எழுந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது. ஒன்றும் நடக்காததுபோல் ரொட்டியைப் பிட்டுச் சாப்பிடலாம், படத்தை நாளைக்கு அனுப்பலாம், நாளைக்கும் நாளை மறுநாளுக்கும் இப்படியே தள்ளலாம். அவள் எழுந்திருக்கவில்லை.

ஜெஃப்ரி பொட்டலத்தை மேசையில் வைத்தார். திரையைப் பார்த்தார். கோட்டையும் கடைசியில் நின்ற புள்ளியையும் பார்த்தார். அவர் ஏதாவது பூசி மெழுகுவார் என்று அவள் காத்திருந்தாள். அவர் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீ பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தப்ப முதல்ல அது இல்லாமத்தான் அமுக்கிப் பாத்தேன்" என்றார்.

"என்ன ஆச்சு?"

"செவப்பு. வரிசையா செவப்பு. அப்ப குழாய மூடுற சத்தம் கேட்டுச்சு. நீ வந்துடுவ. உன் மூஞ்சியப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல. புள்ளியத் தள்ளிட்டேன்."

"நான் எவ்ளோ சந்தோஷப்பட்டேன் தெரியுமா?"

"தெரியும். நேத்து நீ கொறட்ட விட்ட. மூணு மாசமா நீ தூங்கலன்னு எனக்குத் தெரியாதா? ஒரு நாளாவது தூங்கட்டும்னு விட்டேன்."

"நீங்க தூங்கினீங்களா?"

அவருடைய வலது கை தொடைமேல் இருந்தது. அதை இடது கையால் மூடியிருந்தார். இத்தனை நாள் அப்படி மூடிக்கொண்டு உட்காருவது அவருடைய பழக்கம் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

அக்னஸ் மவுஸைப் பிடித்து, அந்தப் புள்ளியை இடது பக்கக் கடைசிவரைக்கும் இழுத்து விட்டாள். அவர் பார்த்துக்கொண்டிருந்தார், தடுக்கவில்லை.

"பயமா இருக்கு, அக்னஸ்."

"எனக்கும்தான்" என்றாள்.

அண்ணனைப் பார்க்கும் டாக்டரின் நம்பர் அவள் போனில் இருந்தது. அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டு, ரொட்டிப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். ஞாயிற்றுக்கிழமை அங்கே யாரும் இருக்க மாட்டார்கள் என்று இரண்டு பேருக்கும் தெரியும். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வைத்துவிடு என்று அவர் சொல்லவில்லை.