ஹெல்மெட் போட்டு ஜீப்பு ஓட்டுனவங்க

எனக்கு முன்கோபம் ஜாஸ்திங்க. மாதேஷ்னு பேரச் சொல்லி எங்கூரு மஞ்சக்குட்டையில யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. அன்னைக்கும் ஜீப்புல ஏறுனதுலேர்ந்து, ஓட்டிக்கிட்டு வந்த வெண்ணிலா அக்காவ வறுத்தெடுத்துட்டேன். எம்பொண்டாட்டி கவிதாவுக்கு விடியக்காலம் பனிக்குடம் ஒடைஞ்சிருச்சு. தலைப்பிரசவம். ஆம்புலன்ஸ் வர நேரமாவும்னாங்க. அக்காவோட ஷேர் ஜீப்பு நின்னுச்சு, ஏறிட்டோம். எப்படியாவது ஏற்காடு ஆஸ்பத்திரிக்குப் போயிரோணும், அவ்வளவுதான்.

"ஏனுங்கக்கா, மாட்டுவண்டியா ஓட்டறீங்க? வெரசாப் போங்க!"

"குழியில எறங்குனா வலி யாருக்கு சாமி? உனக்கா?"ன்னாங்க.

வாய மூடிக்கிட்டேன். அரை நிமிசத்துக்கு.

எங்கள விட்டா முன்சீட்டுல எஸ்டேட்டுல கணக்கெழுதற ரைட்டர் டோமினிக் மட்டுந்தான். ரிப்பேருக்கு விட்ட பைக்க எடுக்கறதுக்காக மடியில ஹெல்மெட்டோட ஒக்காந்திருந்தாரு.

ஒரு வளைவுல திரும்பறோம், ஒசந்த சில்வர் ஓக் மரத்துல தொங்குன மலைத்தேனிக் கூடு கலைஞ்சிருச்சு. பருந்து கொத்துச்சோ என்னமோ. எங்களுது படுதா போட்ட ஜீப்பு, ரெண்டு பக்கமும் தொறந்து கெடக்கும். கொய்ங்குனு உள்ள பூந்துருச்சுங்க! கவிதாவக் கம்பளியில மூடி மேல கவுந்துக்கிட்டேன். முதுகுல கொட்டுன கொட்டு இருக்குதே, அப்பப்பா!

"நிறுத்துங்கக்கா, எறங்கி ஓடிரலாம்!"னு அலறுனேன்.

"புள்ளத்தாச்சிய எங்கடா ஓட வெப்ப? நின்னா மொத்தமும் மொய்ச்சுரும்"னு அக்கா கத்துனாங்க.

ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் கிடுகிடு பள்ளம். அக்காவுக்கு ஒரு கண்ணு அதுக்குள்ள வீங்கி மூடிருச்சு. எனக்கும் டோமினிக்குக்கும் பைக்கத் தவிர எதுவும் ஓட்டத் தெரியாது.

"ரைட்டரே, அத எந்தலையில மாட்டுங்க! இந்தக் கண்ணும் போச்சுன்னா எல்லாரும் பள்ளத்துலதான்."

டோமினிக் ஹெல்மெட்ட அவங்க தலையில கவுத்தி, கண்ணாடிய எறக்கி விட்டாரு.

அதுக்கப்பறம் அக்கா ஒத்த வார்த்தை பேசலைங்க. ஸ்டீயரிங்கப் புடிச்ச கை ரெண்டுலயும் தேனி அப்பிக்கெடக்குது, ஒதறலை. கியர் மாத்தப் போற கை மாத்துனதும் திரும்பி வந்துரும். வளைவு மேல வளைவு, ஜீப்பு ஒரு எடத்துல குலுங்கலை. கொஞ்ச தூரத்துல தேனி பின்தங்கிருச்சு. அப்பவும் பேச்சில்ல. இன்னும் எவ்வளவு தூரமுங்கன்னு மூணு தடவை கேட்டேன்.

"காது கேக்கலையா? இவ துடிக்கறா, ஒரு பதில் சொன்னா என்ன கொறைஞ்சா போயிருவீங்க?"னு எரிஞ்சு விழுந்தேன்.

ஆஸ்பத்திரி வந்துருச்சு. கவிதாவ உள்ள கொண்டு போனாங்க. நான் வெளிய வந்து பாத்தா, அக்கா எறங்காம அப்படியே ஒக்காந்திருக்காங்க. ஒரு நர்ஸம்மா மெதுவா ஹெல்மெட்டக் கழட்டுனாங்க. முடிக்குள்ளேர்ந்து தேனி பொத்து பொத்துனு மடியில விழுந்துச்சு. ஆறு. தலையில மொய்ச்சிருந்ததையும் சேத்து உள்ள வெச்சு அடைச்சிருக்கறோம். ஒவ்வொன்னா உள்ளாரயே கொட்டியிருக்குது. ஒதடு ரெண்டும் வீங்கி, மூஞ்சி ஆளே அடையாளந் தெரியலை.

டோமினிக் தலையில கைய வெச்சுக்கிட்டாரு.

"கழட்டி வீசியிருக்கலாமேக்கா!"

"கழட்டோணும்னா ஸ்டீயரிங்க விடோணும், இல்லீன்னா வண்டிய நிறுத்தோணும். வர்ற புள்ள காத்திருக்குமா சாமி?"

"ஒரு வார்த்தை சொல்லியாவது இருக்கலாம்ல?"

"வாயத் தொறந்தா உள்ள பூந்துருமே"ன்னாங்க. கொழறிக் கொழறித்தான் பேச்சு வந்துச்சு.

நான் பேசுன பேச்சுக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருந்துச்சு. இவங்க மனுசிதானா? நான்னா ரெண்டாவது கொட்டுலயே எல்லாத்தையும் விட்டுட்டுக் குதிச்சிருப்பேனுங்க. சத்தியமாச் சொல்றேன்.

அக்காவப் படுக்க வெச்சு ஊசி போட்டாங்க. ரெண்டு மணி நேரங்கழிச்சு எனக்குப் பொம்பளப்புள்ள பொறந்துச்சு. கவிதா மேல ஒரு கொட்டு இல்லீங்க. சொல்லலாம்னு ஓடுனேன். அக்காவுக்கு இப்ப ரெண்டு கண்ணும் மூடிக்கெடக்குது. கட்டிலப் புடிச்சுக்கிட்டு நின்னேன்.

"அழுவற சத்தம் கேக்குதே, புள்ளையா?"ன்னு கேட்டாங்க.

"புள்ள அழுது முடிச்சுத் தூங்கிருச்சுங்கக்கா"ன்னேன். "இது நானுங்க."