மஜீது பிடித்த செந்தொண்டைக் குருவி

ராயபுரத்தில் குருவி விற்கிற மஜீதுக்கு அன்று வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல. பிழைப்புக்கு வந்த நாளிலிருந்து முதல் தடவையாக உண்மையைச் சொல்கிறான், ஒரு பயலும் நம்பவில்லை.

நம்பாததிலும் நியாயம் உண்டே! சிட்டுக்குருவிக்குத் துணிச்சாயம் பூசி, 'சிங்கப்பூர் சரக்கு' என்று ஊரார் தலையில் கட்டினவன்தானே? பள்ளிக்கூட வாத்தியார் சங்கரநாராயணனுக்குப் பறவை என்றால் உயிர். அவரும் போன வருஷம் ஒன்று வாங்கிப் போனார். அது தண்ணீர்க் கிண்ணத்தில் குளித்துச் சாயம் வெளுத்ததும் வீடே சிரித்ததாம்.

இப்போதோ, புயல் ஓய்ந்த மறுநாள், காசிமேட்டில் காயப்போட்டிருந்த மீன்வலையில் நிஜமாகவே ஒன்று சிக்கியிருந்தது. மண்நிற உடம்பு, தொண்டை மட்டும் ரத்தச் சிவப்பு. மஜீது அதைக் கூண்டில் போட்டு வாத்தியார் வீட்டுக்கே ஓடினான். அவர் ஒருத்தராவது நம்பினால் போதும் என்றிருந்தது அவனுக்கு.

வாத்தியார் உற்றுப் பார்த்தார். "செந்தொண்டைக் குருவியா? சைபீரியாவுல பொரிச்சு, குளிருக்கு அசாம், பர்மான்னு போறது. பிரான்சுல எப்பவாவது ஒண்ணு வழிதவறி வந்தாலே பெரிய சேதி. அது உன் கூண்டைத் தேடி வந்துடுச்சாக்கும்!"

"அல்லா மேல ஆணை சார், நான் ஒண்ணியும் பண்ணல! நீயே தொடச்சிப் பாரு!"

ஈரத்துண்டால் துடைத்தார். சிவப்பு போகவில்லை. மஜீது நெஞ்சை நிமிர்த்தினான்.

"அடேயப்பா, இந்தத் தடவை நல்ல சாயமா வாங்கியிருக்கே. எந்தக் கடை?"

மஜீதுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னா மன்சன் சார் நீ! எவனுக்கும் வோணாம்னா போய்த் தொலையட்டும்!" கூண்டைத் திறந்துவிட்டான்.

குருவி வேப்பமரத்தில் உட்கார்ந்து, சிறகை உதறி, பாட ஆரம்பித்தது. இழுத்து இழுத்து, நடுவில் விசிலடித்து, இந்தக் கடற்கரையில் எந்தக் குருவியும் பாடாத பாட்டு. பாட்டுக்கு எவன் சாயம் பூசுவான்? வாத்தியார் வாயைப் பிளந்து நின்றார்.

"ஐயோ மஜீது, அதேதான்யா! பிடி, பிடி!"

எங்கே பிடிக்க? அது துறைமுகப் பக்கம் பறந்தே போய்விட்டது. வாத்தியார் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். அவரைப் பார்க்க மஜீதுக்கே பாவமாக இருந்தது.

"அதான் ரெண்டு பேரும் கண்ணால பாத்துக்கினோமே சார். பேப்பருக்கு எழுதிப் போடு. நான் வந்து சாட்சி சொல்றேன்."

வாத்தியார் அவனையே வெறித்துப் பார்த்தார்.

"நீ சாட்சின்னு எழுதினா, அப்புறம் என்னை எவன்யா நம்புவான்?"

மஜீதுக்குக் கோபப்படக்கூட முடியவில்லை.