மதுரையில் ஒரு குலவை

போடி கடைவீதியில் எபனேசரின் ஏலக்காய்க் கடை திறக்கும்போதே ஸ்பீக்கரில் பாடகர் ஏனோஸ் அருள்மணியின் பாட்டும் தொடங்கிவிடும். ஊரெங்கும் வாலிபர்கள் கிதாரோடு பாடித் திரியும் அந்தப் புதுக் கிறிஸ்தவப் பாடல்கள், கடைக்கு மேலே மாடியில் குடியிருந்த மருமகள் சுபாஸ்ரீக்கு மனப்பாடம். பிடிபடாதவர் மாமனார் மட்டும்தான்.

அப்பாவும் மகனும் மட்டுமே இருந்த வீட்டுக்கு, மயிலாடும்பாறையில் வெள்ளாமை செய்யும் சம்சாரி வீட்டு இந்துப் பெண்ணைச் செல்வின் பதிவுத் திருமணம் செய்து கூட்டிவந்து ஒரு வருஷமாகிறது. எபனேசர் அவளிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அவள் பரிமாறினால் சாப்பிடுவார். குழம்பு வேண்டுமென்றால் மகன் முகத்தைத்தான் பார்ப்பார்.

அருள்மணி பாட்டுக் கூட்டத்துக்கு மதுரைக்கு வருகிறார் என்றதும் செல்வின் மூன்று பாஸ் வாங்கிவிட்டான். "ஒரே கார்ல போறோம். அப்பா எப்பிடிப் பேசாம வாராருன்னு பாப்போம்" என்றான்.

பேசாமல்தான் வந்தார். உசிலம்பட்டியில் டீ குடிக்க நிறுத்தியபோது, "ஏலே, அந்தப் பிள்ளைக்குச் சீனி போடணுமா, வேணாமான்னு கேளு" என்றார். அந்தப் பிள்ளை பக்கத்தில்தான் நின்றிருந்தாள்.

"அரைச் சீனி போதும்னு சொல்லுங்க" என்றாள் அவளும் செல்வினிடம்.

"நான் என்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்சா?" என்று தலையில் அடித்துக்கொண்டான் அவன்.

மைதான வாசலில் பெரியகுளத்து வியாபாரி ஜெயசிங் மனைவியோடு எதிர்ப்பட்டார். "இது யாரு அண்ணாச்சி?"

எபனேசர் வேறெங்கோ பார்த்தார். "செல்வின்கூட வந்திருக்கு."

சுபாஸ்ரீக்கு முகம் வாடிவிட்டது. உள்ளே செல்வினுக்கு இந்தப் பக்கம் அவளும் அந்தப் பக்கம் மாமனாரும் உட்கார்ந்தார்கள். ஜெயசிங் குடும்பம் அவர்களுக்கு நேர் முன்வரிசையில்.

அருள்மணி பாடத் தொடங்கியதும் வாட்டம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை. உயிர்த்தெழுந்த காலையைப் பற்றிய கடைசிப் பாட்டில் மைதானமே எழுந்து நின்றது. எபனேசர் கண்களை மூடி இரண்டு கைகளையும் உயர்த்தியிருந்தார். டிரம்ஸ் ஏறிக்கொண்டே போய், அருள்மணி கை காட்டியதும் சட்டென்று நின்றது. அந்த அமைதிக்குள் சுபாஸ்ரீயின் தொண்டையிலிருந்து குலவை புறப்பட்டது.

அவள் நினைத்துச் செய்ததில்லை. அவள் ஊரில் சாமி புறப்பட்டாலும், பொண்ணும் மாப்பிள்ளையும் வாசல் மிதித்தாலும் பெண்களின் நாக்கு தானாகச் சுழலும். மனம் நிறைந்த நேரத்தில், இது வேறு இடம் என்று நாக்குக்கு யார் சொல்வது?

சுற்றிலும் தலைகள் திரும்பின. அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். போச்சு, இனி இந்த ஜென்மத்தில் மாமா பேசமாட்டார்.

"என்னய்யா இது, இங்கன முளைப்பாரியா எடுக்குறாக?" என்று ஜெயசிங் சீறினார். "யாரு அது?"

செல்வின் வாயைத் திறப்பதற்குள் எபனேசர் முந்திக்கொண்டார்.

"என் மருமக."

"அதுக்காக ஜெபக் கூட்டத்துலயா அண்ணாச்சி..."

"கர்த்தர் கல்லறையில இருந்து எந்திரிச்சு வந்திருக்காரு. அந்தச் சந்தோசத்துக்குக் குலவை போடாம ஒப்பாரியா வைப்பாக? திரும்பி நில்லும்யா!"

அதற்குள் மேடையிலிருந்து அருள்மணியின் குரல் வந்தது. "யாரும்மா அந்தத் தங்கச்சி? இன்னொரு தடவை!"

எபனேசர் செல்வினைத் தாண்டிக் குனிந்து, முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்தார். "கேக்குறாகல்ல? போடு ஆத்தா. மேடைக்கு எட்டணும்."

"சரி மாமா" என்றாள். குரல் உடைந்துவிடுமோ என்று பயந்தாள். உடையவில்லை. எழும்பிய குலவை மேடையைத் தொட்டது. எங்கோ பின்வரிசையில் ஒரு பெண் பதில் குலவை எழுப்பினாள். அப்புறம் பத்துப் பேர், நூறு பேர். ஜெயசிங்கின் மனைவி கணவரைக் கடைக்கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டு, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு தானும் சேர்ந்துகொண்டாள். டிரம்ஸ் மறுபடி வெடித்தது.

"தள்ளுலே அங்கிட்டு" என்று மகனை நாற்காலி மாறச் சொல்லிவிட்டு, எபனேசர் மருமகள் பக்கத்தில் வந்து நின்று கைதட்டத் தொடங்கினார்.