மேலையும் கொதி, கீழையும் கொதி

2025ஆம் ஆண்டு மார்ச் 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை, மன்னார் நகரில் ஒரு விடுதியின் மேல்மாடியில் ‘பல் வைத்தியத்தில் செயற்கை நுண்ணறிவு’ என்ற கருத்தரங்கு நடந்தது. பதினான்கு பேர் வந்திருந்தார்கள். மதியச் சாப்பாடு ஆட்டிறைச்சிப் புரியாணி.

புரியாணிக்குச் சொல்லியிருந்தவர் கொழும்பிலிருந்து மென்பொருள் விற்க வந்த கம்பனிக்காரர். மன்னாரின் நாட்காட்டி அவருக்குத் தெரியாது. கத்தோலிக்கருக்குத் தவக்காலம் தொடங்கியிருந்தது, இறைச்சியைத் தொடமாட்டார்கள். முஸ்லிம்களுக்கு நோன்பு, எதையுமே தொடமாட்டார்கள். எஞ்சியது மூன்று சைவக்காரர். அதில் இருவர் சாப்பாட்டிலும் சைவம். ஆக, அந்தப் பெரிய சட்டிக்கு முன்னால் தனியனாக நின்றவர் டொக்டர் சிவசுப்பிரமணியம்.

அவர் பின்வாங்கவில்லை. காலையில் ஒரு வெற்றி கண்டிருந்தார். பசியும் அதற்கேற்றபடி இருந்தது.

காலையில் பேசியவர் பேசாலையைச் சேர்ந்த டொக்டர் அன்ரோனெற். மன்னார் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் தனியார் கிளினிக் வைத்திருப்பவர். அந்தக் கம்பனியின் மென்பொருளை மாவட்டத்தில் முதலில் வாங்கியவரும் அவர்தான். வாசலில் ‘செயற்கை நுண்ணறிவுப் பல் சிகிச்சை’ என்று பெரிய பலகை தொங்கவிட்டிருந்தார். அதைப் பார்த்துவிட்டு, “அறிவு வேண்டாம் டொக்டர், பல்லு மட்டும் கட்டேலுமோ?” என்று விடத்தல்தீவிலிருந்து ஆட்கள் வந்து விலை கேட்டுப் போனார்கள்.

கருத்தரங்கில் அவர் திரையில் எக்ஸ்ரே படங்களைக் காட்டினார். சூத்தைப் பற்களைச் சுற்றிச் சிவப்புப் பெட்டிகள் தாமாக விழுந்தன. இளம் வைத்தியர்கள் கைபேசியில் படம் பிடித்தார்கள். சிவசுப்பிரமணியம் எழுந்தார்.

“பிள்ளை, இந்த மெசின் பல்லுப் புடுங்குமோ?”

“இல்லை சேர். எந்தப் பல்லிலை பிரச்சினை எண்டு பாத்துச் சொல்லும்.”

“காசு வாங்கும், பலன் சொல்லும், பரிகாரத்துக்கு வேற ஆளைக் காட்டிவிடும். எங்கட ஊரிலை இதுக்குச் சாத்திரி எண்டு பேர்.”

மண்டபம் சிரித்தது. நோன்பிருந்த டொக்டர் மஹ்மூதும் சிரித்தார், சிரிப்பால் நோன்பு முறியாது என்ற துணிவில். அன்ரோனெற்றும் சிரித்தார், ஆனால் கொஞ்சம் பிந்தி.

அதற்குப் பிறகுதான் புரியாணி. மூன்றாவது கோப்பையில், வாயின் இடப்பக்கத்தில், ஒரு எலும்பு ‘கடக்’ என்றது. எலும்புதான் என்று அவர் நினைத்தார்.

அன்றிரவு பல்லுக்கொதி தொடங்கியது. மன்னாரில் பல் வலிக்காது, கொதிக்கும். முப்பது வருடமாக அந்தச் சொல்லைப் பிறர் வாயிலிருந்து கேட்டவருக்கு, அது எவ்வளவு பொருத்தமான சொல் என்பது அப்போதுதான் விளங்கியது.

குளியலறைக் கண்ணாடியில் கைபேசி வெளிச்சத்தைப் பிடித்துத் தன்னைத் தானே சோதித்தார். கீழே, இடப்பக்கத்துக் கடைவாய்ப்பல்லில் ஒரு பழைய அடைப்பு. படிக்கிற காலத்தில் கூடப் படித்த ஒருவன் பழகுவதற்காக அடைத்தது. அவன் இப்போது மெல்பேர்னில் வீடு விற்கிறான். குற்றவாளி அந்த அடைப்புத்தான் என்று தீர்ப்பாகிவிட்டது. பல்லைப் பிடுங்க வேண்டும். ஆனால் யார் பிடுங்குவது? சவரக்கடைக்காரனுக்குக் கூடத் தன் தலைமயிரைத் தானே வெட்ட முடியாது.

அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போனால் வரிசையில் நிற்பவர்களில் பாதிப்பேர் அவருடைய நோயாளிகள். வவுனியாவில் இருக்கிற சிநேகிதனிடம் போனால், ஊசி போட்டு விறைக்கும் முன்னரே வாட்ஸப் குழுவில் படம் வந்துவிடும்.

இதற்குள் மகள் வேணுஜா பேராதனையிலிருந்து வந்து சேர்ந்தாள். பல் வைத்தியம் இறுதியாண்டு. செயற்கை நுண்ணறிவு குறித்துப் பல் வைத்தியர்களும் மாணவர்களும் என்ன நினைக்கிறார்கள் என்பது அவளுடைய ஆய்வு. அதுவரை கிடைத்த முடிவு எளிமையானது: மாணவர்கள் அதை முழுதாக நம்பினார்கள், ஏனென்றால் சோதனைக்கு முதல்நாள் அதுதான் படிப்பித்தது. ஐம்பது வயது தாண்டியவர்கள் அதை நம்பவில்லை, ஆய்வையும் நம்பவில்லை.

“அப்பா, நீங்களும் ஒருக்கா சொல்லுங்கோ. ‘செயற்கை நுண்ணறிவு என் நோயறிதலை மேம்படுத்தும்.’ ஒத்துக்கொள்ளுறியளோ, இல்லையோ?”

“இம்ம்ம்.”

“உது ஓமோ, இல்லையோ?”

“இம்ம்ம்.”

அவள் பேனையை வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தாள். தகப்பனின் இடக்கன்னம் சுட்ட செங்கல் மாதிரிச் சிவந்திருந்தது.

“வாயைத் திறவுங்கோ.”

“நீ முதல் சோதினையைப் பாஸ் பண்ணு.”

“நான் அன்ரோனெற் அக்காவுக்குக் கோல் அடிக்கிறன்.”

“ஆருக்கு? அந்தச் சாத்திரிக்கோ?”

“ஓம், அவவுக்குத்தான். வவுனியாவுக்கு இந்த முகத்தோடை பஸ்ஸிலை போறியளோ?”

அவர் சேர்ட்டை மாற்றப் போனார்.

கிளினிக் வாசலில் பலகையின் நிழலில் ஒரு கழுதை நின்றது. அதைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். வரவேற்பு மேசையில் இருந்த மாக்கிறட் எழும்பி நின்றார், கதிரை போட்டார், பிறகு, மரியாதை குறையாமல், ஒரு டாப்லெட்டை நீட்டினார்.

“இதோடை கதையுங்கோ டொக்டர். வருத்தத்தைச் சொன்னா அதுவே எழுதி உள்ளை அனுப்பும்.”

“நானும் டொக்டர். எனக்கு என்ன வருத்தம் எண்டு எனக்குத் தெரியும்.”

“தெரியும் டொக்டர். ஆனா எல்லாரும் கதைக்க வேணும். கோயில் பாதரும் போன கிழமை கதைச்சவர்.”

பாதர் கதைத்தாரென்றால் தப்ப வழியில்லை. அவர் டாப்லெட்டை வாய்க்குக் கிட்டப் பிடித்தார்.

“மூண்டு நாளாக் கொதி. தாங்கேலாத கொதி. கீழைதான். ராவிலை எண்டா மேலையும் கொதி, கீழையும் கொதி.”

டாப்லெட் சற்று யோசித்தது. பிறகு சென்னை வானொலி அறிவிப்பாளரின் குரலில், “கொதிக்கும் நீர் எதையாவது பருகினீர்களா?” என்று கேட்டது.

“விசரே உனக்கு? கொதி எண்டு சொல்லுறன்! கொதி!”

“புரிந்துகொண்டேன். தயவுசெய்து அமைதியாக இருங்கள்” என்றது. மாக்கிறட் தன் மேசையில் இருந்த கத்தரிக்கோலை எடுத்து மேசை லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார்.

உள்ளே, அன்ரோனெற் எக்ஸ்ரே எடுத்து முடித்துத் திரையைத் திருப்பினார். கீழ்க் கடைவாய்ப்பல்லில், பழைய அடைப்புக்கு அடியில், ஒரு சிவப்புப் பெட்டி விழுந்திருந்தது. பக்கத்தில் ‘சிதைவு, 91%’ என்று எழுதியிருந்தது. மேற்பற்களில் ஒன்றுமில்லை.

சிவசுப்பிரமணியம் கதிரையில் எழும்பி உட்கார்ந்தார். மூன்று நாளுக்குப் பிறகு முகத்தில் வெளிச்சம்.

“பாத்தியே பிள்ளை? நான் கண்ணாடியிலை பாத்துச் சொன்ன அதே பல்லு. புடுங்கு.”

“சேர், கொஞ்சம் பொறுங்கோ. எனக்கு உது சரியாப் படேல்லை.”

“என்ன சரியாப் படேல்லை? மெசினே சொல்லுது!”

மூலையில் நின்ற வேணுஜா இருமினாள். அவர் அதைக் கேளாதவர் போல இருந்தார்.

“தொண்ணூற்றொரு வீதம்! இவள் ஓ.எல். சோதினையிலை கணக்குக்கு அவ்வளவு எடுக்கேல்லை.”

“இவ்வளவு கொதிக்கு இந்தச் சூத்தை காணாது சேர். மெசினும் பிழை விடும்.”

“ஞாயிற்றுக்கிழமை அப்பிடிச் சொல்லேல்லையே நீ?”

“ஞாயிற்றுக்கிழமை கம்பனிக்காரர் முன்னுக்கு இருந்தவர்” என்றார் அன்ரோனெற்.

அவர் குறடைக் கையில் எடுக்கவில்லை. அனுபவமுள்ள ஒரு வைத்தியர் தன் வாயைப் பற்றிச் சொல்கிறார். விலை கொடுத்து வாங்கிய மென்பொருளும் அதையே சொல்கிறது. இருவரையும் கேட்டு ஒரு நல்ல பல்லைப் பிடுங்கினால், கொதி நிற்காது. பல் திரும்பி வராது. கதை மட்டும் மன்னார் முழுக்கப் போகும். அவர் திரையில், டாப்லெட் எழுதி அனுப்பியதைத் திறந்தார். வாசித்தார். வாயைப் பொத்தினார்.

“என்ன எழுதியிருக்கு?” என்றார் சிவசுப்பிரமணியம்.

அன்ரோனெற் சத்தமாக வாசித்தார்: “‘வலி பற்றிய முறைப்பாடு இல்லை. நோயாளி மூன்று நாட்களாகக் கடும் கோபத்தில் உள்ளார். இரவு நேரங்களில் தமக்கு மேலுள்ளவர்கள் மீதும் கீழுள்ளவர்கள் மீதும் கோபம் கொள்கிறார். ஊழியர்கள் அவதானமாக இருக்கவும்.’”

வெளியே மாக்கிறட் கத்தரிக்கோலை ஏன் லாச்சிக்குள் வைத்துப் பூட்டினார் என்பது இப்போது விளங்கியது. வேணுஜா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிவசுப்பிரமணியமும் சிரிக்கப் பார்த்தார், கொதி விடவில்லை.

அன்ரோனெற் மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்த வரியை இன்னொரு தரம் பார்த்தார்.

“சேர், நீங்கள் அதுக்கு என்ன சொன்னனீங்கள்? மேலையும் கொதி, கீழையும் கொதி எண்டோ?”

“அது... சும்மா ஒரு பேச்சுக்கு.”

“என்னட்டைக் கீழை மட்டும் எண்டுதானே சொன்னனீங்கள்?”

“உனக்கு நோயறிதலைச் சொன்னனான். அதுக்குக் கொதியைச் சொன்னனான்.”

வலியென்று தெரியாததால் மென்பொருள் வலியைத் தேடவில்லை. கண்ணுக்குப்பட்ட பழைய அடைப்பைக் காட்டிவிட்டு ஓய்ந்துவிட்டது. சிவசுப்பிரமணியமும் கிட்டத்தட்ட அதையேதான் செய்திருந்தார்.

அன்ரோனெற் பஞ்சைக் குளிர்மருந்தில் தோய்த்துக் கீழ்ப்பல்லில் வைத்தார்.

“கூசுதோ?”

“கொஞ்சம். எல்லாப் பல்லும் கூசுறமாதிரி.”

“மேலை வைக்கிறன்.”

மேல் முதலாம் கடைவாய்ப்பல்லில் பஞ்சு பட்டதும் சிவசுப்பிரமணியம் போட்ட சத்தத்தில், நிழலில் நின்ற கழுதை தெருவைக் கடந்து அந்தப் பக்கம் போனது. மாக்கிறட் ஓடி வந்து எட்டிப் பார்த்தார்.

“கோபமோ டொக்டர்?”

“கொதி!” என்றார் அவர்.

அன்ரோனெற் மேல்தாடையை விறைக்க வைத்தார். கீழே இருந்த கொதியும் சேர்ந்து அடங்கியது, அது மேலிருந்து இறங்கிய கொதி. சிறிய கண்ணாடியால் பார்த்தபோது, மேற்பல்லின் நடுவில் மயிர்போல ஒரு கோடு. ஊசிமுனையை வைத்து இலேசாக நெம்ப, பல் இரண்டு துண்டாக அசைந்தது. எக்ஸ்ரேயில் அப்படிப்பட்ட கீறல் தெரியாது, மெசினுக்கும் தெரியாது, குளியலறைக் கண்ணாடிக்கும் தெரியாது.

“எலும்பு கடிச்சனீங்களோ சேர்?”

“புரியாணி” என்றார், விறைத்த வாயால். “நீங்கள் ஒருத்தரும் சாப்பிடேல்லை. ஆராவது சாப்பிட வேணுமே?”

மேல் இடப்பக்கத்து முதலாம் கடைவாய்ப்பல் வேர்வரை பிளந்திருந்தது. அன்று பின்னேரமே அது பிடுங்கப்பட்டது. கீழ்ப்பல்லின் அடைப்பை அடுத்த கிழமை அன்ரோனெற் மாற்றினார். அந்தப் பல் இருக்கிறது.