பன்றிக்கு வைத்த பெயர்

யெலிக்கா செத்துப்போனாள் என்ற செய்தி வந்தபோது மிலுங்கா பாலாடைக்கட்டிக்கு உப்புத் தடவிக்கொண்டிருந்தாள். முதலில் அவள் நம்பவில்லை. தன்னை எரிச்சல்படுத்த யெலிக்கா எதையும் செய்யக்கூடியவள் என்றாள்.

மொராச்சா ஆற்றுக்கு மேலே அந்த மலைச்சரிவில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவில் ஒரு வேலி. முப்பத்தொரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. சண்டை மட்டும் ஒருநாளும் தவறியதில்லை.

மிலுங்காதான் சுற்றுவட்டாரம் எட்டு ஊருக்கும் ஒப்பாரிக்காரி. அவள் குரலெடுத்தால் கல்லும் கரையும். அவள் கண் மட்டும் கரையாது. ஊரே தேம்பும்போது, பந்திக்கு வெட்டிய ஆடு எத்தனை பேருக்குக் காணும் என்று அவள் மனசு கணக்குப் போடும்.

யெலிக்காவின் மகன் ராதோஷ் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றான்.

"அத்தை, ஒப்பாரி நீங்கதான் பாடணும்னு அம்மா சொல்லிட்டுப் போச்சு."

"வேற என்ன சொன்னா?"

அவன் தன் செருப்பைப் பார்த்தான். "'என்னத்தைச் சொல்லி அழுறான்னு பார்ப்போம்'னு சொல்லிச்சு."

மிலுங்கா கறுப்பு முக்காடு கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

முற்றத்தில் சவப்பெட்டியைத் திறந்து வைத்திருந்தார்கள். அதன் தலைமாட்டில் நின்று வழக்கமான ராகத்தில் எடுத்தாள்: "வாய்பேசாப் புறாவே, வம்பறியா மான்குட்டியே…"

பின்வரிசையில் யாரோ செருமினார்கள். பழைய தபால்காரர் ததியா. செருமல் இல்லை, சிரிப்பு. யெலிக்காவின் குரல் அக்கரை ஊர் வரைக்கும் கேட்கும் என்பது குழந்தைக்குக்கூடத் தெரியும்.

நாற்பது வருஷத்தில் மிலுங்காவுக்கு இப்படி ஒரு அவமானம் நேர்ந்ததில்லை. பெட்டிக்குள் பார்த்தாள். யெலிக்காவின் உதட்டோரம் லேசாக ஏறியிருந்தது போலத் தோன்றியது.

"சரிடி" என்று முணுமுணுத்தாள். ராகத்தை மாற்றவில்லை, சொல்லை மாற்றினாள்.

"எங்க வீட்டு அண்டாவ இரவல் வாங்கி நசுக்கித் தந்தியே,
கேட்டா பொறந்ததே அப்படின்னு நாக்கூசாமச் சொன்னியே.
எம்மக கல்யாணத்துல பாலாடைக்கட்டியில முடின்னு ஊரெல்லாம் சொன்னியே,
அது உன் முடிதானடி, என் கண்ணே!"

முற்றம் சிரிப்பில் குலுங்கியது. பாதிரியார் ஜெபப்புத்தகத்தால் முகத்தை மறைத்துக்கொண்டார். புத்தகம் தலைகீழாக இருந்தது. மிலுங்காவுக்கும் வேகம் பிடித்துவிட்டது.

"பெட்டைப் பன்னி ஒண்ணு வாங்கி என் பேர வச்சியே,
விடிஞ்சதும் வேலியோரம், மிலுங்கா, தின்ன வாடின்னியே!"

ராதோஷ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். குறை சொன்ன பிறகு ஒரு கேள்வி கேட்பது ஒப்பாரியின் முறை. பழகிய வாய் தானாக அங்கே போயிற்று.

"இனி விடியக்காலம் யாரடி என் பேரச் சொல்லிக் கூப்பிடுவா…"

அதற்குமேல் வரவில்லை. புருஷன் போய்ப் பதினாறு வருஷம். பிள்ளைகளுக்கு அவள் அம்மா, ஊருக்கு அத்தை. பன்றியைச் சாக்கிட்டாவது அவள் பேரைச் சொல்லிக்கொண்டிருந்தது ஒருத்திதான். அது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

அழுகை வந்தது. ராகமும் இல்லை, தாளமும் இல்லை. மூக்கு ஒழுக, கன்றைப் பிரிந்த மாடு மாதிரிக் கத்தினாள். அதுவும் பாட்டில் சேர்த்தி என்று நினைத்துச் சிலர் இன்னும் கொஞ்சம் சிரித்தார்கள். பிறகு அவர்களும் அழ ஆரம்பித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாக அழுதவர் ததியாதான்.

அடக்கம் முடிந்து பந்தியில் மிலுங்கா இரண்டு தட்டு பீன்ஸ் குழம்பு சாப்பிட்டாள். உப்புப் பத்தவில்லை என்றும் சொன்னாள். ததியா பிளம்ஸ் சாராயக் கோப்பையோடு வந்து பக்கத்தில் உட்கார்ந்து, செத்தவளுக்காக நாலு சொட்டு மண்ணில் ஊற்றினார்.

"எனக்கும் நீதான் பாடணும், தங்கச்சி. இன்னைக்கு மாதிரி உள்ளது உள்ளபடி பாடு. மேலத்தெரு விதவை ஸ்தானாவுக்கு வந்த லெட்டரையெல்லாம் நான் பிரிச்சுப் படிச்சதை மட்டும் விட்டுரு."

எதிரே ரொட்டி பரிமாறிக்கொண்டிருந்த ஸ்தானாவின் கை அப்படியே நின்றது.

"அதைத்தான் முதல்ல பாடணும், அத்தை" என்றாள் அவள். "மறந்துட்டா, நான் பக்கத்துல நின்னு எடுத்துக் குடுக்குறேன்."