ஐந்தாவது கேட்

ஜீப் உறுமியதும் நாய் குரைத்தது. அப்பா ஃபிர்மன் விழித்திருப்பார். விழிக்கட்டும் என்று ஒதீல் கியரை மாற்றினாள்.

தலைநகர் நூமேயாவுக்குப் போகும் பஸ் ரோட்டு முனைக்கு வரப்போகிறது. பிடித்தால் நர்ஸ் படிப்பு. விட்டால், பக்கத்துப் பண்ணை அனிசேயோடு ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தம். அனிசே நல்லவன்தான். அவன் நிலத்தில் ஆறு ஓடுகிறது, அப்பாவின் மாடுகளுக்குத் தண்ணீர் போதவில்லை. விஷயம் அவ்வளவுதான்.

முதல் கேட் வந்தது. திறந்தாள், ஜீப்பை அந்தப் பக்கம் விட்டாள், ஓடி வந்து சாத்தினாள். கொக்கியை மாட்டிய பிறகுதான் உறைத்தது. அடிப்பாவி, ஓடிப்போகிறவள் கேட்டைச் சாத்துவாளா?

அடுத்த கேட்டிலும் கை அதையேதான் செய்தது. திறந்தவர் சாத்த வேண்டும். நடக்கப் பழகிய நாளிலிருந்து அந்த வீட்டில் அடித்துச் சொல்லித்தந்த ஒரே வேதம் அது.

நியாவுலி மரங்களுக்கு நடுவே செம்மண் பாதை வளைந்து வளைந்து சென்றது. ஜீப் வந்தால் நக்க உப்புக்கட்டி வரும் என்று பழகிய மாடுகள், கடைசி மேய்ச்சல் நிலத்தில் அவள் பின்னாலேயே ஓடி வந்தன.

ஐந்தாவது கேட். அதற்கப்பால் தார் ரோடு. கேட்டின் ஓரத்தில், குதிரைமேல் அப்பா!

"வா மவளே. குதிரைக்கு மலைச்சரிவுக் குறுக்குவழி போதும். காப்பி குடிச்சிட்டு நிதானமாத்தான் வந்தேன். நீ ஒவ்வொரு கேட்டா சாத்திட்டு வருவேன்னு தெரியாதா எனக்கு?"

"வழிய விடுங்கப்பா."

"உங்கண்ணன் நிக்கல் சுரங்கத்துக்கு ஓடினான். நீயும் போயிட்டா? எங்க தாத்தா இந்தத் தீவுக்குக் கைதியா கப்பல்ல வந்தவரு. சர்க்கார்ல விடுதலை குடுத்து, நிலமும் குடுத்து, தீவ விட்டுப் போகக்கூடாதுன்னாங்க. இருந்தாரில்ல?"

"அவருக்கு அது தண்டனைப்பா. நான் என்ன பண்ணினேன்?"

தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது.

ஒதீல் குதித்து இறங்கி கேட்டை அகலத் திறந்தாள். அவர் சிரித்தார்.

"தெற, தெற. நீ எறங்கி சாத்துறதுக்குள்ள சாவியப் புடுங்கிடறேன்."

அவள் ஏறி ஓட்ட, ஜீப் கேட்டைத் தாண்டியது. அவள் கால் தானாகவே பிரேக்கைத் தேடியது. பல்லைக் கடித்துக்கொண்டு ஆக்ஸிலரேட்டரை மிதித்தாள்.

"ஏய்! கேட்டு! கேட்டச் சாத்துடி!"

கண்ணாடியில் பார்த்தாள். உப்புக்கு அலைந்த கூட்டம் திறந்த வாசலை நோக்கி முட்டி மோதி வந்தது. ஃபிர்மன் ஜீப்பை ஒருமுறை பார்த்தார், மாடுகளை ஒருமுறை பார்த்தார்.

"சண்டாளி!"

குதிரையை வாசலுக்குக் குறுக்கே திருப்பினார். சாட்டை படீரென்று வெடித்தது. முதல் பசு மிரண்டு பின்வாங்கியது.

ஒதீல் ஜீப்பை ரோட்டோரம் விட்டுவிட்டுப் பையோடு பஸ்ஸில் ஏறினாள். கேட்டின் கொக்கியைத் தேடி அவள் விரல்கள் இன்னும் மடங்கிக்கொண்டிருந்தன. ஜன்னல் வழியே திரும்பிப் பார்த்தாள்.

அப்பா குதிரையை விட்டு இறங்கி, கேட்டை இழுத்துச் சாத்திவிட்டு, உள்பக்கம் நின்றபடி கொக்கியை மாட்டிக்கொண்டிருந்தார்.