சுழலும் தளத்தில் ஒரு கைப்பை

தலைநகரைச் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் கோபுர உணவகத்துக்குப் போகாமல் திரும்பினால் பார்த்தது பாதிதான் என்பார்கள். முப்பதாவது மாடியில் வட்டமான கூடம். ஒரு மணி நேரத்தில் ஒரு சுற்று வரும். சாப்பிட்டு முடிப்பதற்குள் ஊர் முழுவதும் ஜன்னல் வழியே வந்து போய்விடும்.

மோட்டார்காரருக்கோ ஊரைவிடத் தரை மேல்தான் கண். குடிநீர் வாரியத்தில் இருபத்தெட்டு வருஷம் தண்ணீர் இறைக்கும் மோட்டார் ஓட்டியவர். சுற்றுகிற எதையும் குனிந்து பார்க்காமல் விடமாட்டார். அதே நகரத்தில் வேலை பார்க்கும் மைத்துனிதான் விரலை நீட்டி நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

"அதோ பார்லிமென்ட். பக்கத்துல மியூசியம். அந்த வெள்ளைக் கட்டடம் தெரியுதா அக்கா? ரெண்டு மணிக்கு நாம போக வேண்டிய தூதரகம் அதுதான்."

அக்கா, அதாவது மோட்டார்காரரின் மனைவி, வந்த காரியமே அந்தக் கட்டடம்தான். கடல் கடந்து இருக்கும் மகளுக்கு அடுத்த மாதம் பிரசவம். அங்கே கூட இருக்க ஆளில்லை. விசா நேர்காணலுக்கு இந்த ஒரு தேதி கிடைக்கவே மூன்று மாதம் ஆயிற்று.

ஒன்று பத்துக்கு அவள் கையைத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"ஏங்க, என் கைப்பை எங்க?"

"எங்க வச்ச?"

"இந்த ஜன்னல் திட்டுலதான். உட்கார்ந்ததும் வச்சேன். பாஸ்போர்ட்டு அதுக்குள்ள இருக்கு."

மோட்டார்காரர் முகம் மலர்ந்துவிட்டது.

"என் உசிரு போகுது, இவருக்குச் சிரிப்பு."

"பதறாத. இங்க தரை மட்டும்தான் சுத்துது. சுவரு, ஜன்னலு, திட்டு எதுவும் நகராது. நாம ரயில், திட்டு பிளாட்பாரம். பையை பிளாட்பாரத்துல வச்சுட்டு நாம கிளம்பிட்டோம். உட்கார்ந்து நாற்பது நிமிஷம் ஆச்சு. இன்னும் இருபது நிமிஷத்துல நம்ம மேஜையே பைகிட்ட போய் நிக்கும். நீ சாப்பிடு."

"இருபது நிமிஷம் உட்கார்ந்தா எனக்கு நெஞ்சு வெடிச்சிடும்."

"அப்ப நடந்து போய்ப் பாரு. திட்டை மட்டும் பாரு. வேற எங்கயாவது தேடி நேரத்தை வீணாக்காத."

அக்காவும் தங்கையும் வட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மூச்சு வாங்க வந்து நின்றார்கள்.

"ஒரு குடை இருக்கு மாமா, ஒரு தண்ணி பாட்டில் இருக்கு. பை இல்ல. கவுன்டர்லயும் கேட்டுட்டேன். யாரும் கொண்டுவந்து குடுக்கலையாம்."

"புள்ளைக்கு நான் வரேன்னு சொல்லிட்டேனே," என்றாள் மனைவி.

மோட்டார்காரர் கரண்டியைக் கீழே வைத்தார். கணக்கில் பிழை இல்லை. திட்டு நகராது, பைக்குக் கால் கிடையாது. ஆகவே எவரோ எடுத்திருக்க வேண்டும். பிளாட்பாரத்தில் விட்ட பொருள் முதலில் யார் கண்ணில் படும்? நம் பெட்டி தாண்டியதும் அந்த இடத்துக்கு வரும் அடுத்த பெட்டிக்காரர் கண்ணில்.

அவர் மெல்லத் திரும்பினார். முதுகுக்குப் பின்னால் ஆளுயரச் செடித்தொட்டி. அதற்கு அப்பால் ஒரு வெளிநாட்டு அம்மாள் தனியாக உட்கார்ந்து ஒரே கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இன்னொரு கை மடிமேல். மடியில் விரித்திருந்த துணிக்கு வெளியே பழுப்பு நிற வார் ஒன்று தொங்கியது.

அவர் கைகாட்டியதும் மனைவி பாய்ந்து போய்த் தன்னையும் வாரையும் மாறி மாறிச் சுட்டினாள். அந்த அம்மாள் திட்டைக் காட்டினார், விரலால் காற்றில் வட்டம் போட்டார், பையை இறுக்கி அணைத்துக் காட்டினார். பைக்காரர் வரும்வரை அரை மணிக்கு மேல் காவல் காத்திருக்கிறார். பைக்காரி அவரைத் தாண்டியே போனாள். கண்ணைத் திட்டைவிட்டு எடுக்கவில்லை.

"திட்டை மட்டும் பாருன்னு சொன்ன புண்ணியவான் யாரு மாமா?"

"கணக்கு சரிம்மா. பை ரயில் ஏறும்னு நினைக்கல."

ஒன்று ஐம்பதுக்குத் தூதரக வாசல். மனைவி பாஸ்போர்ட்டையும் காகிதங்களையும் மட்டும் எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். மற்ற இருவரும் மதில் நிழலில் நின்றார்கள். மைத்துனி பேச்சுக்கொடுத்துப் பார்த்தாள். அவர் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டே முக்காலுக்கு மனைவி வெளியே வந்தாள். கையில் ஒரு மஞ்சள் சீட்டு மட்டும்.

"பாஸ்போர்ட்டு?"

"உள்ள வாங்கி வச்சுக்கிட்டாங்க."

அவர் வாசலை நோக்கி இரண்டடி வைத்தார். "கேட்டு வாங்கிட்டு வரக் கூடாதா?"

மனைவி அவரை நிதானமாகப் பார்த்தாள். "விசா இல்லைன்னா அங்கயே கையில திருப்பிக் குடுத்துடுவாங்க. குடுக்கிறதா இருந்தாதான் முத்திரை போட வாங்கி வச்சுப்பாங்க. வெள்ளிக்கிழமை வந்து வாங்கிக்கணும்."

மோட்டார்காரர் மகளைக் கூப்பிடப் பரபரவென்று போனை எடுத்தார். மனைவி அதை அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"நானே சொல்லிக்கிறேன். நீங்க விளக்கி முடிக்கிறதுக்குள்ள அங்க குழந்தையே பொறந்துடும்."